ஓசோன்: பல குரல்கள் ஒன்றான கதை

ஓசோன் படலம் என்றால் என்னவென்று இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஓசோன் தினமான செப்டம்பர் 16 வந்தால் ஓவியப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடக்கின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே செய்தி ஆய்வுக்கூடங்களைத் தாண்டி வெளியே வரவே திணறியது. இடையில் நடந்த மாற்றத்தில் அறிவியலுக்குப் பெரும் பங்கு உண்டு. தனித்தனியாகப் பேசிக்கொண்டிருந்த உலக நிறுவனங்கள் சேர்ந்து பேசக் கற்றுக்கொண்டதற்கும் அதே அளவு பங்கு உண்டு என்பேன்.

1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எச்சரித்தார்கள். ஃபிரிட்ஜிலும் ஸ்பிரே டப்பாக்களிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள், அதாவது சிஎஃப்சி, மேலே போய் ஓசோனை அழிக்கும் என்றார்கள். தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் தத்தம் நிபுணர்களைக் கொண்டு அறிக்கை எழுதின. ஒன்று ஆபத்து என்றது. இன்னொன்று அவசரப்பட வேண்டாம் என்றது. அவரவருக்கு வசதியான அறிக்கையைக் கையில் எடுத்துக்கொள்ள முடிந்தது.

1977இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் வாஷிங்டனில் கூட்டிய கூட்டத்தில் ஒரு செயல்திட்டம் உருவானது. வளிமண்டலத்தை அளப்பது உலக வானிலை அமைப்பின் பொறுப்பு, உடல்நலப் பாதிப்பை ஆராய்வது உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பு என்று வேலை பிரிக்கப்பட்டது. பலன் உடனே கிடைக்கவில்லை. 1985 மே மாதம் ஜோசப் ஃபார்மனும் அவருடைய இரு சகாக்களும் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பதை வெளியிட்டபோது உலகம் திடுக்கிட்டது. அந்தக் காலகட்டத்தில்தான் சுமார் 150 விஞ்ஞானிகள் உழைத்த மூன்று தொகுதி மதிப்பீட்டு அறிக்கை ஒன்றும் தயாரானது. உலக வானிலை அமைப்பு, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம், நாசா உள்ளிட்ட ஏழு அமைப்புகள் அதற்குத் துணை நின்றன. உங்கள் கணக்கு, எங்கள் கணக்கு என்ற பேச்சுக்கு அதன்பின் இடம் குறைந்தது. 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

இன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டு மதிப்பீட்டு அறிக்கை வருகிறது. தடித்த அந்த அறிக்கையைச் சாமானியர் படிக்க மாட்டார் என்பதை உணர்ந்து, 2002 மதிப்பீடு தொடங்கி, இருபது கேள்வி பதில்களாக ஒரு கையேடும் சேர்த்துத் தருகிறார்கள். எழுதுபவர்கள் விஞ்ஞானிகளே என்பதால், எளிமைப்படுத்தும்போது செய்தி திரிவதில்லை.

இந்தக் கூட்டணி தந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, ஓசோன் தடுக்கும் புற ஊதாக் கதிரின் கடுமையைச் சொல்லும் புற ஊதாக் குறியீடு. முன்பு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக எச்சரித்தது. எத்தனை நிமிடத்தில் தோல் கன்றும் என்று சொன்ன நாடுகளும் உண்டு. வெள்ளைத் தோலுக்குப் போட்ட கணக்கு எல்லாருக்கும் எப்படிப் பொருந்தும்? இப்போது உலகம் முழுவதற்கும் ஒரே அளவுகோல்: 2 வரை பச்சை, 3 முதல் மஞ்சள், 6 முதல் ஆரஞ்சு, 8 முதல் சிவப்பு, 11-ஐத் தொட்டால் ஊதா. 2022இல் வந்த சன்ஸ்மார்ட் குளோபல் யுவி செயலியில் உலக வானிலை அமைப்பு, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம், உலக சுகாதார நிறுவனம் ஆகிய மூன்று பழைய கூட்டாளிகளோடு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்தது. வெயிலில் முதலில் நிற்பவர் தொழிலாளிதானே! 2019இல் 160 கோடிப் பேர் திறந்தவெளி வேலையில் புற ஊதாக் கதிரை வாங்கினார்கள் என்பது தொழிலாளர் அமைப்பும் சுகாதார நிறுவனமும் சேர்ந்து போட்ட கணக்கு.

நம் தெரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் பட்டறைக்கும் ஓசோன் செய்தி வந்து சேர்ந்தது. அன்று பழுதான ஃபிரிட்ஜின் குழாயை வெட்டி, பழைய கேஸைக் காற்றில் விட்டுவிட்டுப் புது கேஸ் ஏற்றுவார்கள். தவறென்று யாரும் சொல்லவில்லை. மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் பலதரப்பு நிதியத்தின் பணத்தில் பயிற்சி வகுப்புகள் நடந்தன. கேஸை இயந்திரத்தால் இழுத்து சிலிண்டரில் அடைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஆஸ்துமா இன்ஹேலருக்கு மட்டும் விலக்கு வைத்து, 2008 ஆகஸ்ட் 1 முதல் இந்தியா சிஎஃப்சியைக் கைவிட்டது. சிஎஃப்சி வகையான ஆர்-12 இருந்த இடத்துக்கு ஆர்-134ஏ வந்தது, இப்போது ஆர்-600ஏ. இது தீப்பற்றும் வாயு என்பதால் மெக்கானிக்குக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது.

பலன் கண்ணுக்குத் தெரிகிறது. தடைசெய்த பொருள்களில் ஏறக்குறைய 99 சதவீதம் ஒழிந்துவிட்டது. இதே நிலை நீடித்தால் உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கிலும், ஆர்க்டிக்கில் 2045 வாக்கிலும், அண்டார்டிகாவில் 2066 வாக்கிலும் ஓசோன் 1980ஆம் ஆண்டின் அளவுக்குத் திரும்பும் என்கிறது 2022 மதிப்பீடு.

ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. கோடை நடுப்பகலில் சென்னையில் புற ஊதாக் குறியீடு ஊதா நிறத்தைத் தொடுவது சாதாரணம். ஆனால் நம் வானிலைச் செய்திகளில் வெப்பநிலையும் மழையும் வருகிற அளவுக்கு இந்த எண் வருவதில்லை. சாலை போடுபவருக்கும் நாற்று நடுபவருக்கும் கட்டடத்தில் சித்தாள் வேலை பார்ப்பவருக்கும் அது தினமும் தமிழில் போய்ச் சேர வேண்டும். நான்கு உலக நிறுவனங்கள் கைகோத்து உருவாக்கிய செய்தி இது. அதை வீடுவரை கொண்டுபோகிற வேலை நம் வானிலை மையங்களுக்கும் செய்தி ஊடகங்களுக்கும் உரியது. இந்தக் கோடையிலேயே அதைத் தொடங்கலாம்.