மேல்தாடையில் எலும்பை உயர்த்தும் ‘சைனஸ் லிப்ட்’ சிகிச்சை

‘பல் போனால் சொல் போகும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. பல் போனால் அதைத் தாங்கி நின்ற எலும்பும் நாளடைவில் போய்விடும் என்பதை இக்கால மருத்துவம் நமக்கு எடுத்துக் காட்டியிருக்கின்றது.

கடைவாய்ப் பல் வலித்தால் அதைப் பிடுங்கிவிட்டு, “கன்னத்துக்குள் இருக்கும் ஓட்டையை யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று இருந்துவிடுவது தோட்டப்புறங்களில் நெடுநாளைய வழக்கம். பல ஆண்டுகள் கழித்து, மெல்லுவதற்குச் சிரமமாகும்போதுதான் புதிய பல் வைத்துக்கொள்ளும் எண்ணம் பிறக்கின்றது. பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ ஒரு பல் மருத்துவரை நாடிச் செல்லும்போது, “உங்கள் மேல்தாடையில் எலும்பு போதவில்லை, முதலில் சைனஸ் லிப்ட் செய்ய வேண்டும்” என்று அவர் கூறக்கூடும். முகத்தில் பெரிய அறுவை செய்யப் போகிறார்களோ என்று அஞ்சுவோரும் உண்டு. ஒன்றும் புரியாமலே கையெழுத்திட்டுவிடுவோரும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடமில்லாதவாறு அச்சிகிச்சையைப் பற்றிய விவரங்களை இங்கே விளக்குவோம்.

மேல்தாடைக்குள் ஒரு காற்றறை

நம் முக எலும்புகளுக்குள் காற்று நிறைந்த சில அறைகள் இருக்கின்றன. இவற்றைச் சைனஸ் என்பர். அவற்றுள் மிகப் பெரியவை கன்னத்துக்கு உட்புறம், மூக்கின் இரு பக்கங்களிலும், மேல் கடைவாய்ப் பற்களுக்கு நேர் மேலே அமைந்துள்ளன. ஆங்கிலேய மருத்துவரான நத்தேனியல் ஹைமோர் 1651-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இந்த அறையை விரிவாக விளக்கினார். வளர்ந்த ஒருவரின் ஒரு பக்க அறை ஏறத்தாழ 15 மில்லி லிட்டர், அதாவது ஒரு மேசைக்கரண்டி அளவு கொள்ளும். அதன் உட்சுவரை ஒரு மில்லி மீட்டருக்கும் குறைவான மெல்லிய சவ்வு மூடியிருக்கும்.

சிலருக்கு மேல் கடைவாய்ப் பல்லின் வேர் நுனிக்கும் இந்த அறைக்கும் இடையே மிக மெல்லிய எலும்பே இருக்கும. அதனால்தான் மேல் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்தால் சில சமயம் சைனஸ் நோயும் உடன் வருகின்றது. பல்லைப் பிடுங்கிய பின் குடிக்கும் நீர் மூக்கு வழியாக வந்தால், அந்த அறைக்கும் வாய்க்கும் இடையே துளை விழுந்துவிட்டது என்று பொருள். அவ்வாறு நேர்ந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

எலும்பு ஏன் குறைகின்றது?

தாடை எலும்பு வேலை இருக்கும் வரைதான் வலுவாக நிற்கும். மெல்லும்போது பல்லின் வேர் கொடுக்கும் அழுத்தமே அதற்கு உரம். பல் போனதும் அவ்விடத்து எலும்பு கரையத் தொடங்குகின்றது. முதல் ஓராண்டிலேயே எலும்பின் அகலம் ஏறத்தாழப் பாதி குறைந்துவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மேல்தாடையின் பின்பகுதியில் இன்னொரு சங்கடமும் உண்டு. கீழிருந்து எலும்பு கரையும் அதே வேளையில், மேலிருந்து காற்றறையும் கீழ்நோக்கி விரிகின்றது. இரு புறமும் அரிக்கப்படும் ஆற்றுக்கரையைப் போல எலும்பு மெலிந்துகொண்டே போகும். அவ்விடத்து எலும்பு இயல்பாகவே மென்மையானது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ரப்பர் பல்வரிசையும் டைட்டானிய வேரும்

பொய்ப்பற்களின் வரலாற்றில் பால்மரத்துக்கும் ஓர் இடம் உண்டு. 1851-இல் அமெரிக்காவில் நெல்சன் குட்இயர் கடின ரப்பருக்குக் காப்புரிமை பெற்றார். கந்தகம் சேர்த்துக் காய்ச்சி இறுக்கிய அந்த ரப்பரில் பற்களைப் பதித்துப் பல்வரிசைகள் செய்யப்பட்டன. தங்கத்தாலும் தந்தத்தாலும் செய்த பல்வரிசைகளை வாங்க இயலாத எளிய மக்களுக்கு அது பெரும் உதவியாயிற்று. 1930-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக் வரும் வரை ரப்பர் பல்வரிசையே உலகெங்கும் வழக்கில் இருந்தது.

ஆயினும், கழற்றி மாட்டும் பல்வரிசை ஈறின்மீது அமர்கின்றதேயன்றி எலும்புக்குள் வேர் விடுவதில்லை. ஆகவே அதன் அடியில் எலும்பு கரைவது நிற்பதில்லை. இக்குறைக்கு வழி கண்டவர் சுவீடன் நாட்டைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரானெமார்க் ஆவார். முயலின் கால் எலும்பில் வைத்த டைட்டானிய உலோகம் எலும்போடு பிரிக்க முடியாதவாறு ஒட்டிக்கொள்வதை 1952-ஆம் ஆண்டு வாக்கில் அவர் கண்டார். 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பதித்தார். இதுவே இன்று நாம் இம்பிளான்ட் என்று கூறும் செயற்கைப் பல்வேர்.

இத்திருகு உறுதியாக நிற்க வழக்கமாக 8 முதல் 10 மில்லி மீட்டர் வரை உயரமுள்ள எலும்பு தேவை. பல் இழந்து நெடுங்காலமான மேல்தாடையில் 3 அல்லது 4 மில்லி மீட்டரே எஞ்சியிருக்கலாம். இதற்குத் தீர்வாக 1970-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹில்ட் டேட்டம் சைனஸ் லிப்ட் முறையை உருவாக்கினார். 1980-இல் பாய்ன், ஜேம்ஸ் ஆகிய இரு மருத்துவர்கள் இத்தகைய சிகிச்சை பற்றிய கட்டுரையை மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர்.

சிகிச்சை நடைபெறும் விதம்

முதலில் எக்ஸ்ரே படமும், பெரும்பாலும் சி.டி. முறைப் படமும் எடுத்து எலும்பின் உயரத்தை அளப்பர். அதன்பின் பெரும்பாலோருக்கு அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போடப்படும். முழு மயக்கம் சிலருக்கே தேவைப்படும்.

எலும்பு மிகக் குறைவாக இருந்தால், ஈறை விலக்கி, மேல்தாடையின் பக்கவாட்டு எலும்பில் ஒரு சிறு சன்னலைத் திறப்பர். அதன் வழியாக உள்ளே இருக்கும் சவ்வைக் கிழியாமல் மெல்ல மேலே உயர்த்துவர். சவ்வுக்கும் பழைய எலும்புக்கும் இடையே உண்டாகும் வெற்றிடத்தில் எலும்புத் துகள்களை நிரப்பி ஈறைத் தைத்துவிடுவர். 5 மில்லி மீட்டருக்கு மேல் எலும்பு இருப்பவர்களுக்குச் சன்னல் தேவைப்படாமல் போகலாம். 1994-இல் சம்மர்ஸ் என்னும் மருத்துவர் விளக்கிய முறைப்படி, இம்பிளான்ட் பதிக்கும் துளை வழியாகவே சவ்வை உயர்த்தி, அப்பொழுதே திருகையும் பதித்துவிட முடியும்.

இவ்வேலையின் நுட்பத்தைப் பால்வெட்டுத் தொழிலாளர்கள் மற்றவரைக் காட்டிலும் எளிதில் உணர்வார்கள். பட்டையைச் சீவும்போது கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் மரம் காயப்படும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். கத்தி மேலோட்டமாகச் சென்றாலோ பால் குறையும். ஒரு மில்லி மீட்டர் அளவில் கையை அடக்கி வெட்டும் திறமை பல நாள் பழக்கத்தால் வருவது. மருத்துவரும் எலும்பை மட்டும் வெட்டி, அதை ஒட்டியிருக்கும் சவ்வைக் காயப்படுத்தாமல் விட வேண்டும். தேர்ந்த கைகளிலும், சன்னல் திறக்கும் முறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு சிகிச்சையில் சவ்வு கிழிவதுண்டு. சிறு கிழிசலை அப்பொழுதே ஒட்டுப் போட்டுச் சரி செய்வர். பெரிதாயின் சிகிச்சையை நிறுத்தி, ஆறிய பின் மீண்டும் தொடங்குவர்.

நிரப்பிய துகள்களுக்குள் நம் உடலின் சொந்த எலும்பு வளர்ந்து இறுகுவதற்குச் சுமார் 4 முதல் 9 மாதங்கள் பிடிக்கும். அதன் பிறகு திருகைப் பதித்து, அது எலும்போடு ஒட்டிய பின்பே பல்லைப் பொருத்துவர். ஆகவே தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓராண்டு ஆகக்கூடும்.

நிரப்பப்படும் பொருள் எது?

நோயாளியின் சொந்த எலும்பு, தானமாகப் பெற்ற மனித எலும்பு, மாட்டெலும்பிலிருந்தோ பன்றி எலும்பிலிருந்தோ பதப்படுத்திய துகள், சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் சேர்த்துச் செய்த செயற்கைத் துகள் எனப் பல வகைகள் பயன்படுத்தப்படுகின்றன. பல இனத்தவரும் சமயத்தவரும் வாழும் நம் நாட்டில் இதைச் சிறு விஷயமாகக் கருத முடியாது. தம் சமயத்துக்கு ஒவ்வாத பொருள் தமக்கு வேண்டாம் என்று கூற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. “எந்தப் பொருளை வைக்கிறீர்கள்?” என்று முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கவனிக்க வேண்டியவர்கள்

புகைபிடிப்போருக்கும், கட்டுக்கடங்காத நீரிழிவு உடையோருக்கும் புண் ஆறுவது தாமதப்படும். சிகிச்சை தோல்வியுறவும் கூடும். 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வளர்ந்தவர்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. பலர் அதை அறியாமலே இருக்கின்றனர். ஆகவே முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நன்று. சைனஸ் நோய் உள்ளவர்கள் அதைக் குணப்படுத்திக்கொண்ட பின்பே இதற்கு முன்வர வேண்டும். எலும்புத் தேய்வுக்கு மருந்து உண்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. புகையிலை சேர்த்து வெற்றிலை போடும் பழக்கமும் வாய்க்குப் பெருங்கேடு. வாய்ப் புற்றுநோய்க்கு அது ஒரு காரணம்.

சிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். உறிஞ்சுகுழல் கொண்டு பானம் அருந்துவதையும் புகைப்பதையும் தவிர்க்க வேண்டும். மங்கு மங்காகக் குனிந்து பால் எடுப்பதும், நிறைந்த வாளிகளைக் காண்டாவில் சுமப்பதும் முகத்தில் அழுத்தத்தை ஏற்படுத்தும். எனவே எத்தனை நாள் ஓய்வு தேவை என்பதை மருத்துவரிடம் கேட்டு, மருத்துவ விடுப்புச் சான்று பெற வேண்டும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, பல் மருத்துவர் பரிசோதித்துத் தரும் விடுப்புக்கும் சம்பளம் உண்டு. ஆண்டொன்றுக்கு அனுமதிக்கப்படும் மருத்துவ விடுப்பு, 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தோருக்கு 14 நாள். 2 முதல் 5 ஆண்டு வரை உள்ளோருக்கு 18 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் உள்ளோருக்கு 22 நாள். விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

செலவும் பாதுகாப்பும்

தனியார் மருந்தகங்களில் சைனஸ் லிப்டும் இம்பிளான்டும் சேர்ந்து பல ஆயிரம் வெள்ளி ஆகும். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்துள்ளபோதிலும், இச்செலவு பல மாத உழைப்புக்குச் சமம். ஆதலின் இச்சிகிச்சை எல்லாருக்கும் கட்டாயம் என்று எண்ணிவிடக் கூடாது. கழற்றி மாட்டும் பல்வரிசை, பக்கத்துப் பற்களில் பிணைக்கும் பாலம், குட்டையான இம்பிளான்ட் ஆகியவையும் சிலருக்குப் பொருந்தும். முதலில் அருகிலுள்ள அரசாங்கப் பல் மருந்தகத்துக்குச் சென்று ஆலோசனை பெறுவதே முறை. தேவைப்பட்டால் அவர்கள் நிபுணரிடம் அனுப்பிவைப்பர். கோலாலம்பூர் மருத்துவமனையிலும், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலும் வாய், தாடை அறுவை நிபுணர்கள் பணியாற்றுகின்றனர்.

மலிவு விலைக்கு ஆசைப்பட்டு, வீடுகளிலும் ஒப்பனைக் கடைகளிலும் பல் கட்டுவோரிடம் செல்வது பேராபத்து. 2022 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி, பதிவு பெறாமல் பல் மருத்துவம் செய்வோருக்கு 3 லட்சம் வெள்ளி வரை அபராதமோ, 6 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மலேசியப் பல் மருத்துவ மன்றம் வழங்கும் ஆண்டுச் சான்றிதழ் மருந்தகத்தில் இருக்கின்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இழந்த எலும்பை மீட்க ஓராண்டும் பெரும்பொருளும் வேண்டியிருக்க, இருக்கும் பல்லைக் காக்க ஒரு தூரிகையும் புளோரைடு சேர்ந்த பற்பசையும் போதும். சொத்தை சிறிதாக இருக்கும்போதே அடைத்துக்கொண்டால் பல்லும் நிற்கும், எலும்பும் நிற்கும். பிடுங்கியே ஆக வேண்டும் என்றால், அன்றே “இவ்விடத்துக்கு அடுத்து என்ன செய்யலாம்?” என்று மருத்துவரைக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே பிற்காலத்தில் ஓர் அறுவையைத் தவிர்க்கக்கூடும்.