சிதறிக் கிடக்கும் சேமிப்பு

ஒரே ஆலையில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, மாலையும் கைக்கடிகாரமும் பெற்று வீடு திரும்பும் வழக்கம் இப்போது அருகி வருகிறது. இன்றைய இளைஞர் பலர் முப்பது வயதுக்குள் இரண்டு மூன்று இடங்களில் பணி பார்த்துவிடுகின்றனர். இடம் மாறுந்தோறும் பின்னால் ஒரு சிறு தொகை தங்கிவிடுகிறது. ஏடுகளில் வருங்கால வைப்பு நிதி என்றும், பேச்சில் பி.எப். என்றும் வழங்குவது அதுவே. இத்தகைய பழைய கணக்குகளை அப்படியே விட்டுவைப்பதா, எடுத்துச் செலவிடுவதா, புதிய கணக்கோடு சேர்ப்பதா என்பதே இன்று நாம் ஆராயப் போகும் கேள்வி. மாணவர்களுக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். முதல் வேலையின் முதல் மாதத்திலேயே பலருக்கு இக்கணக்கு தொடங்கிவிடுகிறது. அந்நாள் உங்களுக்கு வெகு தொலைவில் இல்லை.

இந்நிதிக்கான சட்டம் 1952-இல் இயற்றப்பெற்றது. ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பரில் வந்து சேர்ந்தது. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவதிலிருந்தே குழப்பம் பிறக்கிறது. பெரும்பாலான நிறுவனங்களில் தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு செலுத்துகிறார். தொழிலாளியின் பங்கு முழுவதும் சேமிப்புக்குப் போகிறது. முதலாளியின் பன்னிரண்டில் 8.33 ஓய்வூதியத்துக்கும், எஞ்சிய 3.67 சேமிப்புக்கும் போகின்றன. 8.33 என்பது விந்தையான எண்ணாகத் தோன்றலாம். நூற்றைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்பதே அதன் பொருள். ஓய்வூதியப் பங்கைக் கணக்கிடும் சம்பளத்துக்கு ஒரு வரம்பும் உண்டு. 2014 செப்டம்பரில் அவ்வரம்பு 6,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

முதலில் சேமிப்பை நோக்குவோம். கணக்குகளைச் சேர்த்தால் வட்டி மிகும் என்று நம்புவோர் உளர். அஃது உண்மையன்று. நாற்பதாயிரத்துக்கும் அறுபதாயிரத்துக்கும் தனித்தனியே கணக்கிட்ட வட்டியின் கூட்டுத்தொகை, ஒரு லட்சத்துக்குக் கணக்கிட்ட வட்டிக்குச் சமமே. வட்டி விகிதம் எல்லாக் கணக்குக்கும் ஒன்றே. 2023-24-ஆம் ஆண்டுக்கு அது 8.25 சதவீதம். ஆயினும், கேட்பாரற்றுக் கிடக்கும் கணக்குக்கு விதி மாறும் ஆபத்து உண்டு. 2011 ஏப்ரல் முதல், மூன்றாண்டுகள் பணம் செலுத்தப்படாத கணக்குகளுக்கு வட்டி நிறுத்தப்பட்டது. 2016 நவம்பரில்தான் அவ்விதி திருத்தப்பட்டு, ஓய்வு வயதை எட்டாதவர்களின் பழைய கணக்குகளுக்கு வட்டி மீண்டும் கிடைத்தது.

வருமான வரியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஐந்தாண்டுப் பணி நிறைவதற்கு முன் சேமிப்பை எடுத்தால், அத்தொகை வரிக்கு உட்படும். பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றியிருந்தாலோ, முந்தைய இடத்தில் உழைத்த ஆண்டுகளும் அந்த ஐந்தில் சேரும்.

இவையெல்லாம் சிறியவை. பெரிய செய்தி ஓய்வூதியத்தில் இருக்கிறது. சேமிப்பில் எண்ணப்படுவது பணம். ஓய்வூதியத்தில் எண்ணப்படுவது ஆண்டு. ஒவ்வொருவர் பெயரிலும் தனிப் பணப்பை அங்கே இல்லை. எல்லாருடைய பங்கும் ஒரே பொது நிதியில் கலந்துவிடுகிறது. ஓய்வூதியத்தைத் தீர்மானிப்பது ஒரு சூத்திரம்: கடைசி அறுபது மாதங்களின் சராசரிச் சம்பளத்தை, வரம்புக்கு உட்பட்டு, பணியாண்டுகளால் பெருக்கி, எழுபதால் வகுக்க வேண்டும். மாதந்தோறும் ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்தாண்டுப் பணி தேவை. வயது ஐம்பத்தெட்டு. கணக்கு மாற்றிய சிலர், புதிய ஏட்டில் ஓய்வூதியக் கட்டம் வெறுமையாய் இருப்பதைக் கண்டு பணம் பறிபோயிற்றென்று பதறுவர். அங்கே மாற்றப்படுவது பணமன்று, பணிக்காலமே.

ஓர் இளைஞனைக் கற்பனை செய்வோம். கோயம்புத்தூரில் பம்பு செய்யும் பட்டறையில் நான்காண்டு, ஓசூரில் மூன்றாண்டு, ஸ்ரீபெரும்புதூரில் ஐந்தாண்டு உழைத்தான். பின்னர்ச் சொந்தத் தொழில் தொடங்கினான். மூன்றையும் சேர்த்திருந்தால் பன்னிரண்டு ஆண்டு. சராசரிச் சம்பளம் 15,000 எனக் கொண்டால், ஐம்பத்தெட்டாம் வயது முதல் மாதம் சுமார் 2,571 ரூபாய் வரும். அவனுக்குப் பின் மனைவிக்கும் ஒரு பங்கு உண்டு. முதலிரண்டு இடங்களின் ஓய்வூதியப் பங்கை அவ்வப்போது எடுத்துவிட்டிருந்தாலோ, கையில் மிஞ்சுவது ஐந்தாண்டுதான். மாத ஓய்வூதியம் கிடையாது. எடுத்த ஆண்டுகளைத் திரும்ப ஒட்ட வைக்க வழியில்லை. அதற்கு மேலும் ஒன்று: 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட சம்பளத்தில் புதிதாகச் சேருவோர் ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினராக முடியாது. முன்பே உறுப்பினராய் இருப்பவர் தொடரலாம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெளியேறியவன், பின்னர் நல்ல சம்பளத்தில் வேலைக்கு வந்தால், அக்கதவு அவனுக்கு அடைபட்டிருக்கும்.

எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். இளமையில் ஐந்தாண்டுப் பங்கை எடுத்தால் ஏறத்தாழ ஐந்து மாதச் சம்பளம் கைக்கு வரும். அதனை எட்டு சதவீத வட்டியில் தொடாமல் வைத்தால், ஒன்பதாண்டுக்கு ஒருமுறை இரட்டித்து, இருபத்தேழு ஆண்டில் எட்டு மடங்காகும். வெறும் கணக்கின்படி இவ்வாதத்தில் வலு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இருபத்தேழு ஆண்டு தொடாமல் வைப்பவர் எத்தனை பேர்? வேலை போன வேளையில் எடுத்த பணம் வாடகைக்கும் பழைய கடனுக்கும் போய்விடும். ஆதலால், உண்மையான நெருக்கடி நேர்ந்தாலன்றி, சேர்ப்பதே நன்று என்பது என் கருத்து. நெருக்கடியிலும் முதலில் சேமிப்பில் கை வைக்கலாம்; ஆண்டுகளைக் கடைசி வரை விட்டுவைக்க வேண்டும்.

இந்நிதி செல்லாத பணிக்கோ, வெளிநாட்டுக்கோ செல்பவர், திட்டச் சான்றிதழ் என்னும் ஒன்றைக் கேட்டுப் பெறலாம். பழைய பணிக்காலம் அதில் குறிக்கப்பட்டிருக்கும். பின்னாளில் வேறு வேலையில் சேரும்போது அதனைக் கொடுத்தால், ஆண்டுகள் தொடர்ந்து எண்ணப்படும். இடையில் வேலையின்றி இருந்த காலம் எண்ணப்படாது. அதனால் முந்தைய ஆண்டுகள் அழிவதும் இல்லை.

2014-இல் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று தரும் முறை வந்தது, யூ.ஏ.என். என்பது அதன் பெயர். எண் ஒன்றாயிருந்தாலும், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதன் கீழ்த் தனிக் கணக்கு இருக்கும். ஆகவே எண் ஒன்றென்பதாலேயே கணக்குகள் சேர்ந்துவிட்டதாகக் கருதலாகாது. மாற்றம் நடந்ததா என்று ஏட்டைப் பார்க்க வேண்டும். வேலை மாறும்போது புதிய எண் வாங்காமல், பழைய எண்ணையே கொடுக்க வேண்டும்.

நம்மவர்க்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்து ஒரு சான்றில் முன்னும், மற்றொன்றில் பின்னும், ஆதாரில் விரிந்தும் நிற்கும். ழகரத்தை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு விதமாகவும், மற்றொருவர் வேறு விதமாகவும் எழுதுவர். கணிப்பொறிக்கு இவர்கள் வெவ்வேறு மனிதர்கள்! பிறந்த தேதியும், பழைய நிறுவனத்தை விட்ட தேதியும் அவ்வாறே பிழையின்றிப் பதிவாகியிருக்க வேண்டும். விட்ட தேதி பதியப்படாவிட்டால் மாற்று விண்ணப்பம் தடைபடும். பழைய பட்டறை மூடப்பட்டபின் இவற்றைத் திருத்தப் பலமுறை அலைய நேரிடும். வேலையை விடும் வாரத்திலேயே கேட்டால் எளிதில் முடியும்.