காலம் ஆற்றாத காயம்

நுழையும்முன்

உடலில் பட்ட காயம் கண்ணுக்குத் தெரியும்; மருந்திட்டால் ஆறும். உள்ளத்தில் பட்ட காயமோ வெளியே தெரிவதில்லை. காலம் எல்லாத் துயரையும் ஆற்றிவிடும் என்பது உலக வழக்கு. ஆயினும், காலத்தால் மட்டும் ஆறாத காயங்களும் உண்டு. பெருங்கொடுமைக்கு ஆளான ருவாண்டா நாட்டின் சிற்றூர் மக்கள், தம் உள்ளக் காயத்தை எவ்வாறு புரிந்துகொண்டனர், எவ்வாறு ஆற்ற முனைந்தனர் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஏப்ரல் மாதத்து அலறல்

நடு கிழக்கு ஆப்பிரிக்காவில் அமைந்த சிறிய நாடு ருவாண்டா. ஆயிரம் குன்றுகளின் நாடு என்று அதனை அழைப்பர். குன்றுச் சரிவுகளில் வாழையும் அவரையும் பயிரிட்டு வாழும் உழவர்களே அங்குப் பெரும்பான்மையினர்.

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் இம்மக்கள் தம் ஊர் நினைவிடங்களில் கூடுகின்றனர். இறந்தோரை நினைந்து அமைதியாக அமர்ந்திருக்கும் கூட்டத்தில், திடீரென ஒருவர் அலறுகிறார். கொலைஞர்கள் நெருங்கி வருவதாக எண்ணி எழுந்து ஓட முயல்கிறார். மூச்சுத் திணறிக் கீழே விழுகிறார். அதனைக் கண்டு மற்றொருவரும் நடுங்கத் தொடங்குகிறார். இதற்கெனப் பயிற்சி பெற்றோர் அவர்களைத் தாங்கிப் பிடித்துத் தனியிடத்திற்கு அழைத்துச் செல்கின்றனர். பல ஆண்டுகளுக்கு முன் நடந்து முடிந்த நிகழ்வு, அவர்களைப் பொறுத்தவரை இன்னும் முடியவில்லை.

நூறு நாள்

ருவாண்டாவில் ஹூட்டு, டுட்சி என்னும் இரு பிரிவினர் கின்யர்வாண்டா என்னும் ஒரே மொழியைப் பேசி, ஒரே குன்றில் அடுத்தடுத்து வாழ்ந்தனர். பெல்ஜியம் நாட்டின் ஆட்சிக் காலத்தில், 1930களில் வழங்கப்பட்ட அடையாள அட்டைகள் ஒவ்வொருவரின் பிரிவையும் எழுத்தில் பதித்தன. வேற்றுமை இறுகியது, வெறுப்பு வளர்ந்தது.

1994ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், நாட்டின் அதிபர் சென்ற வானூர்தி சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் முதல் ஏறத்தாழ நூறு நாள் இனப்படுகொலை நடந்தது. டுட்சி மக்களும், கொலைக்கு உடன்படாத ஹூட்டு மக்களும் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். வயலில் புதர் வெட்டிய கத்தியே மனிதரை வெட்டும் கருவியாயிற்று. கொன்றவர்களுள் பலர் அயலார் அல்லர். பக்கத்து வீட்டினர், உடன் படித்தோர், ஒரே ஆலயத்தில் வழிபட்டோர். அடைக்கலம் தேடி மக்கள் புகுந்த ஆலயங்களே பலியிடங்களாயின.

1995ஆம் ஆண்டு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ருவாண்டாச் சிறுவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. தாம் இறந்துவிடுவோம் என்றே அந்நாள்களில் எண்ணியதாகப் பத்தில் ஒன்பது பேர் கூறினர்.

நினைவு ஏன் மீள்கிறது?

உயிருக்கு ஊறு நேரும்போது மூளையின் ஆழத்தில், பாதாம் பருப்பின் வடிவில் உள்ள அமிக்டலா என்னும் பகுதி எச்சரிக்கை மணிபோல் செயல்படுகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு மிகுகிறது, உடல் ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகிறது. இஃது உயிர் காக்கும் இயல்பு. நிகழ்வு எங்கே, எப்போது நடந்தது என்று முறைப்படுத்திப் பதிய வைக்க உதவுவது ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி. பேரச்சத்தின்போது இப்பணி குலைகிறது. அதனால், ஓசை, மணம், காட்சி ஆகியன காலமும் இடமும் அறியாத துண்டுகளாக நினைவில் தங்கிவிடுகின்றன. பின்னாளில் ஒரு விசில் ஒலியோ மழைக்கால மண்ணின் மணமோ அத்துண்டுகளைத் தட்டி எழுப்பினால், பழைய ஆபத்து இப்போதே நேர்வதாக உடல் நம்பிவிடுகிறது.

கொடுங்கனவு, திடுக்கிடல், தூக்கமின்மை, நிகழ்வை நினைவூட்டும் இடங்களையும் மனிதர்களையும் தவிர்த்தல், உற்றாரிடமும் பற்று அற்றுப்போதல் ஆகியன இதன் அறிகுறிகள். இவை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து வாழ்வைக் குலைக்குமாயின், அதனைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் என்பர். முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளுக்கிடையே வாழ்ந்த படைவீரர்களிடம் இத்தகைய நிலையைக் கண்ட மருத்துவர்கள், அதனைக் 'குண்டதிர்ச்சி' என்றனர். 1980ஆம் ஆண்டில்தான் அமெரிக்க உளநல மருத்துவர் கழகம் இன்றைய பெயரோடு இதனைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

மக்கள் தந்த பெயர்

ருவாண்டா மக்கள் அப்பெயருக்காகக் காத்திருக்கவில்லை. தாம் கண்ட துன்பத்திற்குத் தம் மொழியிலேயே 'இஹஹாமுகா' என்று பெயரிட்டனர். நுரையீரலை இழந்த நிலை என்பது அதன் நேர்ப்பொருள். அச்சத்தால் மூச்சு நின்றுபோதலை அச்சொல் குறிக்கிறது. பேரச்சத்தைச் சொல்லும்போது தமிழில் 'மூச்சே நின்றுவிட்டது' என்று கூறும் வழக்கத்தை இங்கு நினைவுகூரலாம். ஆற்றொணாத் துயரத்தை அவர்கள் 'அகஹிந்தா ககாபிஜே' என்னும் வேறொரு தொடரால் சுட்டினர்.

பெயரில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அயல்நாட்டு மருத்துவர் தம் நூலிலுள்ள அறிகுறிகளை மட்டும் வினவினால், மூச்சை இழந்தவர் தம் துன்பத்தைச் சொல்ல வழியின்றிப் போவார். "உங்கள் ஊரில் மக்கள் எதனால் துன்புறுகின்றனர்?" என்று முதலில் கேட்டால், நோயும் புலப்படும், நோயுற்றோரின் நம்பிக்கையும் கிட்டும். ஊராரிடம் அவ்வாறு கேட்டறிந்த ஆய்வாளர்களுக்கே இச்சொற்களின் பொருள் விளங்கியது.

பூக்களும் கற்களும்

படுகொலைக்குப் பின் ருவாண்டாவில் உளநல மருத்துவர்கள் மிக அரியராக இருந்தனர். எல்லை கடந்து உகாண்டாவின் நகிவாலே குடியிருப்பில் தங்கிய ருவாண்டா ஏதிலியரின் நிலையும் அதுவே. ஆகவே, அங்கு ஏதிலியருள்ளேயே சிலர் பயிற்சி பெற்று ஆற்றுநர்களாயினர்.

அவர்கள் கையாண்ட முறை எளியது. தரையில் ஒரு கயிறு கிடத்தப்படும். அது வாழ்நாளைக் குறிக்கும். இன்ப நிகழ்வுகளுக்குப் பூக்களும் துன்ப நிகழ்வுகளுக்குக் கற்களும் அதன்மீது வைக்கப்படும். பிறகு, பிறப்பு முதல் இன்றுவரை நடந்தவற்றை வரிசையாகச் சொல்லச் செய்து, கேட்பவர் எழுதிக்கொள்வார். சிதறிக் கிடந்த துண்டுகள் ஒரு கதையாகக் கோக்கப்படும்போது, அந்தக் கொடிய நாள் நிகழ்காலத்தை விட்டு இறந்தகாலத்தில் தனக்குரிய இடத்தில் சென்று அமர்கிறது. 2008இல் வெளியான ஆய்வின்படி, இவ்வாறு உதவி பெற்றவர்களுள் பத்தில் ஏறத்தாழ ஏழு பேர் நோய்நிலையிலிருந்து மீண்டனர். உதவி பெறாதவர்களுள் மீண்டோர் பத்தில் நால்வருக்கும் குறைவு.

| தெரியுமா? |
ஏப்ரல் 7ஆம் நாளை ருவாண்டா இனப்படுகொலை நினைவு நாளாகக் கடைப்பிடிக்க ஐ.நா. பொதுஅவை 2003ஆம் ஆண்டு தீர்மானித்தது.

'நீ என்னை ஆற்று'

தனிமனிதர் மீள்வது ஒரு பாதி. மற்றொரு பாதி கடினமானது. ருவாண்டாவில் உடைந்தது உள்ளம் மட்டுமன்று; அயலார்மீது வைத்த நம்பிக்கையும் உடைந்தது. கணவனை இழந்த பெண்ணும், கொலையில் பங்குகொண்டு தண்டனை முடித்துத் திரும்பியவரும் ஒரே கிணற்றில் நீர் எடுத்தாக வேண்டும்.

2002 முதல் 2012 வரை 'கச்சாச்சா' என்னும் ஊர் மன்றங்கள் இயங்கின. புல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. புல்தரையில் அமர்ந்து வழக்குத் தீர்க்கும் பழைய மரபைத் தழுவிய இம்மன்றங்கள், பத்தொன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை விசாரித்தன. உறவினரின் உடல் எங்கே புதைக்கப்பட்டது என்பதைப் பலர் இங்குதான் அறிந்தனர். எனினும், ஊரார் முன்னிலையில் சாட்சி கூறிய சிலருக்கு ஆறிவந்த புண் மீண்டும் திறந்தது. நீதி வேறு, நலம் வேறு என்பதை இது காட்டியது.

நலத்திற்கான வழி ஒன்று 2005இல் வடபகுதியின் பியும்பா வட்டாரத்தில் தொடங்கியது. பத்து முதல் பதினைந்து பேர் வரை கொண்ட குழு, வாரம் ஒருமுறையாகப் பதினைந்து வாரம் கூடும். வழிநடத்துபவர் அதே ஊரார் இருவர். முதல் வாரங்களில் எவரும் பழைய நிகழ்வைப் பேச வேண்டியதில்லை. முதலில் பாதுகாப்பு உணர்வு, அடுத்து நம்பிக்கை, பின்னர் அக்கறை, அதன்பின் மதிப்பு. இவை வேரூன்றிய பிறகே நினைவுகள் பேசப்படும். பங்கேற்றோரின் உளநலம் மேம்பட்டதை ஆய்வும் உறுதிசெய்தது. இம்முறைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ம்வுரா ந்குவுரே'. நீ என்னை ஆற்று, நான் உன்னை ஆற்றுகிறேன் என்பது அதன் பொருள்.

இதனால் எல்லாக் காயமும் மறைந்துவிடவில்லை. 1994க்குப் பின் பிறந்த இளைஞர்களிடமும் ஏப்ரல் மாதத்து நடுக்கம் காணப்படுகிறது. மன்னிக்க இயலாதோரும் உளர். அவர்களை எவரும் கட்டாயப்படுத்த இயலாது. ஆனால், தனியே மூச்சுத் திணறியவர் அருகில் மற்றொருவர் அமர்ந்து கேட்கத் தொடங்கும்போது, காலம் தனித்து நின்று செய்ய இயலாத பணி தொடங்குகிறது. மனிதரால் நேர்ந்த காயத்தை ஆற்ற, மனிதரே வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. அச்சம், துயரம் ஆகியவற்றை உடலுறுப்புகளோடு இணைத்துக் கூறும் தமிழ்த் தொடர்களைத் தொகுத்து, அவை உணர்த்தும் மனநிலையை எழுதுக.
2. 'நீதி கிடைப்பதும் நலம் பெறுவதும் ஒன்றா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.