விசில் உதட்டில் ஒட்டிய நாள்

1967 டிசம்பர் 31. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே நகரம். உள்ளூர் பேக்கர்ஸ் அணிக்கும் டல்லஸ் கௌபாய்ஸ் அணிக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் சாம்பியன் பட்டத்துக்கான போட்டி. நடுவர் உலோக விசிலை ஊதிவிட்டு எடுக்கப் பார்த்தார், வரவில்லை. உதட்டோடு உறைந்துவிட்டது. பிய்த்து எடுத்தபோது தோலும் கூட வந்தது. அதற்கப்புறம் அன்று முழுக்க நடுவர்கள் கத்திக் கத்தியே ஆட்டத்தை நடத்தினார்கள்.

அப்போது மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் மரக்கட்டை உதட்டில் பட்டால் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான். உலோகமோ மரத்தைவிடப் பல நூறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். உதட்டு ஈரத்தின் வெப்பத்தை அது சட்டென்று உறிஞ்சிக்கொள்கிறது. ரத்தம் பாய்ந்து அந்த இடத்தைச் சூடாக்குவதற்குள் எச்சில் பனிக்கட்டியாகி, பசைபோலப் பிடித்துக்கொள்கிறது.

இந்தக் குளிரிலும் 50,000 பேருக்கு மேல் கடைசிவரை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காரணம், அது அவர்களுடைய அணி. இதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை, சட்டப்படியே அப்படித்தான். 1919இல் கர்லி லாம்போ என்ற இளைஞர், தான் வேலை பார்த்த, இறைச்சியை டின்னில் அடைக்கும் ‘பேக்கிங்’ கம்பெனியிடம் சீருடைக்காக 500 டாலர் வாங்கி, கால்ஹூன் என்ற பத்திரிகைக்காரரோடு சேர்ந்து தொடங்கிய அணி இது. ‘பேக்கர்ஸ்’ என்ற பெயரும் அந்தக் கம்பெனியிலிருந்து வந்ததுதான். கடன் கழுத்தை நெரித்தபோது, 1923இல் ஊர்மக்களுக்குப் பங்கு விற்றார்கள். பங்கு ஒன்று 5 டாலர். லாபத்தில் காலணா கிடைக்காது, விலை ஏறியதும் விற்கவும் முடியாது. தெரிந்தேதான் வாங்கினார்கள். இன்று பங்குதாரர்கள் 5 லட்சத்துக்கும் அதிகம்.

அந்தக் காலத்துச் சிற்றூர் அணிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன, அல்லது பெருநகரங்களுக்குப் போயின. டிகேட்டர் அணி சிகாகோவுக்குப் போனது, போர்ட்ஸ்மவுத் அணி டெட்ராய்ட்டுக்கு. பேக்கர்ஸைத் தூக்கிக்கொண்டு போக ஒரு முதலாளி இல்லை. சுமார் 1 லட்சம் பேர் வாழும் ஊரில், 80,000 பேருக்கு மேல் உட்காரும் மைதானம் இன்றும் நிரம்பி வழிகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

அன்றைய மைதானத்துக்குத் திரும்புவோம். பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி குளிரை முன்பே எண்ணிப் பார்த்து, அந்த ஆண்டுதான் 80,000 டாலர் செலவில் புல்லுக்கு அடியில் மின்கம்பிகளைப் பதிக்க வைத்திருந்தார். மண் உறையாமல் கதகதப்பாக இருக்க வேண்டும், மேலே தார்ப்பாய் மூடிக் காக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வந்த வினையும் அதிலிருந்துதான். சூடான மண்ணின் ஈரம் ஆவியாகித் தார்ப்பாயின் அடியில் முத்து முத்தாகக் கோத்தது. கொதிக்கும் சோற்றுப்பானையின் மூடியைத் திருப்பிப் பார்த்தால் தெரியுமே, அப்படி. அந்த நீர் புல்லையும் நனைத்திருந்தது. தார்ப்பாயை விலக்கியதும் கடுங்குளிர்க் காற்று பட்டது. அதற்கு ஈடுகொடுக்கக் கம்பிகளின் சூடு போதவில்லை. நனைந்த தரை அப்படியே உறைந்துபோனது.

பந்துக்கும் அதே கதி. குளிர்ந்தால் காற்றின் அழுத்தம் குறையும். அறைச் சூட்டில் 13 பவுண்டு அழுத்தத்துக்கு அடித்த பந்து, அந்தக் குளிரில் ஊறினால் 9 பவுண்டுக்கும் கீழே இறங்கிவிடும். தோல் விறைத்துக் கல்லாகும், உள்ளே காற்றோ தளர்ந்திருக்கும். உதைத்தால் தூரம் போகாது.

காலணியின் ஆணிகள் மண்ணுக்குள் இறங்கினால்தான் ஓட்டக்காரனுக்குப் பிடிமானம். கான்கிரீட்டாக இறுகிய தரையில் அவை எங்கே இறங்கும்? கடைசி நிமிடம், பேக்கர்ஸ் 14, டல்லஸ் 17. பந்தோடு தாண்ட வேண்டிய கோல் கோட்டைத் தொட ஒரு கஜத்துக்கும் குறைவான தூரம். அடுத்தடுத்து இரண்டு முறை பந்தை வாங்கி ஓடிய வீரர் கால் வழுக்கி நின்றுபோனார். ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் லொம்பார்டியிடம் போய், பந்தை யாரிடமும் கொடுக்காமல் தானே புகுந்துவிடுவதாகச் சொன்னார். ஓடிவர நாலு அடி வேண்டியவன்தான் வழுக்குவான். கோட்டருகே நிற்பவனுக்கு ஒரே உந்தல் போதும். சக வீரர் ஜெர்ரி கிரேமர் எதிராளியை முட்டித் தள்ளிய இடைவெளியில் ஸ்டார் பாய்ந்து விழுந்தார்.

21–17. கடிகாரத்தில் மிச்சம் 13 விநாடி.