சங்கம் கலைதல்: மிச்சம் யாருக்கு?

'சங்கத்தைக் கலைச்சுட்டாங்க' என்று நெசவாளர் தெருவில் ஒருவர் சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவை நீக்கிவிட்டு அரசு அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். அல்லது சங்கமே செத்துப்போயிருக்கலாம். முதலாவதில் சங்கத்தின் சட்ட உடம்பு அப்படியே இருக்கிறது. இரண்டாவதில் பதிவே ரத்தாகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் புழங்குவது வெறும் மொழிச் சோம்பல் அல்ல. 1976-இல் தனி அலுவலர்களுக்கென்றே தமிழகத்தில் ஒரு சட்டம் வந்தது. குழு போவதும் அலுவலர் வருவதும் அவ்வளவு பழகிப்போன காட்சி. அதனால்தான் நிஜமான சாவு வரும்போதும் 'அடுத்த எலெக்‌ஷன்ல சரியாயிடும்' என்று உறுப்பினர் காத்திருக்கிறார்.

அந்தச் சாவுக்கான இலக்கணத்தை எழுதியது 1912-ஆம் ஆண்டின் காலனியச் சட்டம். விசாரணைக்குப் பிறகோ, உறுப்பினரில் முக்கால் பங்கினர் மனு கொடுத்தாலோ, பதிவாளர் சங்கத்தின் பதிவை ரத்து செய்யலாம். இரண்டு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். பிறகு லிக்விடேட்டர் வருகிறார். வரவேண்டியதை வசூலிப்பது, சொத்தை விற்பது, கடன்காரர்களின் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது, உறுப்பினரும் முன்னாள் உறுப்பினரும் தரவேண்டிய தொகையைத் தீர்மானிப்பது எல்லாம் அவர் வேலை. 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிராமக் கடன் சங்கங்களுக்கு வரம்பற்ற பொறுப்பே பொது விதி. சங்கம் மூழ்கினால் அண்டை வீட்டுக்காரன் கடனுக்கு நம் வீட்டுப் பாத்திரமும் போகலாம். பொறுப்பு பங்குத்தொகையோடு நிற்கும் என்கிற பாதுகாப்பு எல்லோருக்கும் முதலிலேயே கிடைத்துவிடவில்லை.

கடன் தீர்ந்து மிச்சம் இருந்தால்? கம்பெனியில் பங்குதாரர்கள் பிரித்துக்கொள்வார்கள். கூட்டுறவின் தர்க்கம் வேறு. 1960-ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டத்தில் உபரிச் சொத்தைப் பொதுக் காரியத்துக்குத் தருவதற்கு வழி இருக்கிறது. அழகான கருத்துதான். பொதுச் சொத்து தனித்தனிப் பங்குகளின் வெறும் கூட்டுத்தொகை அல்ல என்று சட்டமே ஒத்துக்கொள்ளும் அபூர்வமான இடம் இது. ஆனால் எது பொதுக் காரியம் என்று யார் சொல்வது? தாத்தா பங்குபோட்டு எழுப்பிய கட்டடத்தின் கதி, அங்கே தறி ஓட்டியவர்கள் இல்லாத ஓர் அறையில் முடிவாகிறது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. 2011-இல் நிறைவேறிய 97-ஆவது திருத்தம் கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமையாக்கியது. அத்திருத்தத்தில் மாநிலச் சங்கங்களைக் கட்டுப்படுத்திய பகுதியை 2021-இல் உச்சநீதிமன்றம் ரத்து செய்த பின்னும் அந்த உரிமை நிற்கிறது. ஆக, தொடங்குவது உரிமை, முடித்துக்கொள்வது மனு. சேர்ந்தவர்கள் தாங்களாகவே கௌரவமாகப் பிரிவதற்கான மொழி நம்மிடம் இல்லை.

சங்கங்கள் பெரும்பாலும் உத்தரவால் சாவதில்லை. பேரவைக் கூட்டத்துக்கு ஆள் வராமல், தீர்மானப் புத்தகத்தில் வீட்டுக்கு வீடு போய்க் கையெழுத்து வாங்கத் தொடங்கும்போதே உயிர் போய்விடுகிறது. உத்தரவு வெறும் இறப்புச் சான்றிதழ். எனவே தோழர்களே, தெருவில் 'கலைச்சுட்டாங்க' என்று கேட்டால் முதலில் எதைக் கலைத்தார்கள் என்று கேளுங்கள். குழுவையென்றால் தேர்தல் கேட்கலாம். சங்கத்தையென்றால் உத்தரவின் நகலைக் கையில் வாங்குங்கள், தேதியை எண்ணுங்கள், பங்குச் சீட்டோடும் கூலி பாக்கிக் கணக்கோடும் லிக்விடேட்டரிடம் எழுத்தில் போங்கள். வாயால் சொன்ன பாக்கி எந்தக் கணக்கிலும் ஏறாது.