பூட்ஸுக்குள் கிடந்த கூலி

இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹம் மாவட்டத்தில், பிஷப் ஆக்லாந்து என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் கால்பந்துக் கழகம், கூலி வாங்காமல் ஆடுபவர்களுக்கான தேசிய அமெச்சூர் கோப்பையைப் பத்து முறை வென்றது. எட்டு முறை இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றது. வேறு எந்தக் கழகமும் அத்தனை முறை வென்றதில்லை. இனி வெல்லவும் வழியில்லை. 1974இல் அந்தப் போட்டியையே நிறுத்திவிட்டார்கள்.

1954இல் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது க்ரூக் டவுன். சுமார் ஐந்து மைல் தள்ளி இருக்கும் அண்டை ஊர். இரண்டுமே நிலக்கரிச் சுரங்கங்களை நம்பிப் பிழைத்த வட்டாரத்து ஊர்கள். வெம்ப்ளியில் 1,00,000 பேர் முன்னால் 2-2. நியூகாசிலில் மறு ஆட்டம், அதுவும் 2-2. மிடில்ஸ்பரோவில் நடந்த மூன்றாவது ஆட்டத்தில் க்ரூக் ஒரே கோலில் ஜெயித்தது. மூன்று ஆட்டங்களையும் பார்த்தவர்கள் மொத்தம் 1,90,000 பேருக்கு மேல். அடுத்து 1955, 1956, 1957 என வரிசையாக மூன்று ஆண்டுகள் கோப்பை பிஷப் ஆக்லாந்துக்கு வந்தது. இன்று உள்ளூர் ஆட்டத்துக்குச் சில நூறு பேர் வந்தாலே நல்ல கூட்டம்.

அன்று ஆடியவர்கள் யார்? கோல்கீப்பர் ஹாரி ஷாரட் பள்ளி ஆசிரியர். பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை, பந்து தன் பக்கமே வராததால் கோல் கோட்டருகே பனிப்பொம்மை செய்துகொண்டிருந்தார் என்று ஒரு கதை உண்டு. முன்வரிசையில் ஆடிய வாரன் பிராட்லியும் ஆசிரியர்தான். இப்படிப்பட்டவர்கள் ஏன் தொழில்முறைக் கழகங்களுக்குப் போகவில்லை என்ற கேள்விக்குப் பதில் கணக்கில் இருக்கிறது. தொழில்முறை ஆட்டக்காரரின் சம்பளத்துக்கு அப்போது உச்சவரம்பு உண்டு. 1961இல் அது நீக்கப்பட்டபோதும் வாரத்துக்கு 20 பவுண்டுதான். ஆசிரியர் வேலையை வைத்துக்கொண்டு சனிக்கிழமை ஆடுபவருக்குப் பெரிய நஷ்டமில்லை. போதாக்குறைக்கு, ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்குத் திரும்பினால் கழற்றி வைத்த காலணிக்குள் பணம் கிடக்கும். அமெச்சூர் கால்பந்தில் பரவலாக நடந்த வழக்கம் இது. விதிப்படி குற்றம், ஆனால் தெரியாதவர் யாருமில்லை. ஏற்பாடு பொய்தான், ஆட்டம் பொய்யில்லை என்பது என் எண்ணம். 1955இல் இரண்டாம் டிவிஷனில் இருந்த இப்ஸ்விச்சையே எஃப்.ஏ. கோப்பையில் 3-0 என்று வீழ்த்திய அணி அது.

1958 பிப்ரவரியில் மியூனிக் விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் தன் ஆட்டக்காரர்களில் எட்டுப் பேரை இழந்தது. அணியை ஒப்பேற்ற ஆள் தேடியபோது பிஷப் ஆக்லாந்திலிருந்து மூவர் போனார்கள்: பிராட்லி, டெரெக் லூயின், ஓய்வு பெற்றிருந்த 37 வயது பாப் ஹார்டிஸ்டி. மறு ஆண்டே பிராட்லி இங்கிலாந்தின் முதன்மை அணிக்காக மூன்று முறை ஆடினார். ஆசிரியர் வேலையையும் விடவில்லை. இன்று அப்படி ஒருவரைக் கற்பனைகூடச் செய்ய முடியாது.

உச்சவரம்பு போனதும் மேலே சம்பளம் ஏறியது, இடைவெளி அகன்றது. சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடின. 1974இல் அமெச்சூர், தொழில்முறை என்ற பாகுபாட்டைக் கால்பந்துச் சங்கமே எடுத்துவிட்டது. பிஷப் ஆக்லாந்துக் கழகம் இன்று இங்கிலாந்துக் கால்பந்து அடுக்கின் எட்டாம், ஒன்பதாம் படிகளுக்கிடையே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. பழைய கிங்ஸ்வே மைதானத்தின் ஒரு பக்கம் கிரிக்கெட்காரர்களுடையதாக இருந்தது; அந்தப் பக்கம் பார்வையாளர் மாடமே கட்ட முடியவில்லை. அங்கிருந்து வெளியேறி, பல ஆண்டுகள் அண்டை ஊர் மைதானங்களில் குடியிருந்துவிட்டு, 2010இல் ஊரின் ஓரத்தில் ஹெரிட்டேஜ் பார்க் என்ற சொந்த மைதானத்துக்கு வந்தார்கள். நான்கு பக்கமும் கால்பந்துக்கே. இந்தப் படிகளில் ஆடுபவர்கள் பகலில் வேறு வேலை பார்த்து, வாரத்தில் ஓரிரு மாலை பயிற்சி செய்கிறார்கள். கிடைப்பது சிறு தொகை. அதை வெளிப்படையாகக் கையில் வாங்குகிறார்கள். ஒளித்துத் தரவேண்டிய கூச்சம் போனதில் எனக்கு நிம்மதிதான்.

ஆனால் ஆள் தங்குவதில்லை. ஹார்டிஸ்டி முப்பதுகளின் நடுப்பகுதிவரை இதே சட்டையில் ஆடினார். இன்று எழுத்து ஒப்பந்தம் இல்லாத ஒரு முன்வரிசைக்காரர் நாலு வாரம் நன்றாக ஆடினால், வேறொரு கழகத்திலிருந்து அழைப்பு வந்துவிடும். அதற்கு அந்தக் கழகம் தரவேண்டியது ஏழு நாள் முன்னறிவிப்பு மட்டுமே.