தொட்டியில் இடம் இருந்தும் பெட்ரோல் ஏறாதது ஏன்?

என் தம்பி ஒரு பழைய கார் வாங்கினான். வாங்கிய மறுநாளே தொல்லை தொடங்கியது. பெட்ரோல் பங்கில் தொட்டியின் வாயில் குழாயைச் செருகி, கைப்பிடியை அழுத்திய ஓரிரு நொடிகளில் 'டக்' என்று பம்பு தானாகவே நின்றுவிடும். மீண்டும் அழுத்தினால் மீண்டும் 'டக்'. "டேங்க் ஃபுல்லாயிடுச்சு சார்" என்றார் பங்க் ஊழியர். வண்டியின் முள்ளோ தொட்டி ஏறக்குறையக் காலி என்று காட்டியது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஹாரன் அடிக்க, பத்துப் பன்னிரண்டு 'டக்'குகளுக்குப் பின் எப்படியோ ஐந்தாறு லிட்டர் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

அது 40 லிட்டர் தொட்டி. அன்று உள்ளே இருந்தது 5 லிட்டர்தான். மீதி 35 லிட்டர் இடம் காலியாக இருக்கும்போது பெட்ரோல் ஏன் ஏற மறுக்கிறது?

'காலி' என்று நாம் சொல்வதில்தான் தவறு இருக்கிறது. அந்த 35 லிட்டர் இடத்தைக் காற்றும் பெட்ரோல் ஆவியும் நிரப்பிக்கொண்டிருக்கின்றன. ஒரு லிட்டர் பெட்ரோல் உள்ளே போக வேண்டுமானால், ஒரு லிட்டர் காற்று வெளியே வந்தாக வேண்டும். எண்ணெய்க் கடையில் டின்னைத் திறப்பவரைக் கவனித்திருப்பீர்கள். எண்ணெய் ஊற்ற ஒரு துளை போதுமே என்று அவர் இருப்பதில்லை. எதிர்மூலையில் இன்னொரு துளையும் போடுவார். ஒன்று எண்ணெய்க்கு, மற்றது காற்றுக்கு.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். தண்ணீரைக் கொண்டு மட்டும் செய்யுங்கள். பெட்ரோலோடு விளையாட்டு வேண்டாம். கெட்டியான ஒரு பாட்டிலின் வாயில் சிறு புனலை வைத்து, சுற்றிலும் சப்பாத்தி மாவால் இடைவெளி இல்லாமல் அடைத்துவிடுங்கள். புனலில் தண்ணீரை மளமளவென்று ஊற்றுங்கள். கொஞ்சம் இறங்கும், பிறகு புனலிலேயே தேங்கி நின்றுவிடும். இப்போது மாவில் ஒரு துளையிட்டு, இரு முனையும் திறந்த பழைய பேனா ரீஃபில் ஒன்றைச் செருகுங்கள். தண்ணீர் விறுவிறுவென்று இறங்கும். ரீஃபிலை விரலால் மூடினால் நிற்கும். விரலை எடுத்தால் ஓடும்.

முதலில் கொஞ்சம் இறங்கி, பிறகு நின்றதே, அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு? இதைத் தம்பியின் காருக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். வளிமண்டல அழுத்தம் சுமார் 10 மீட்டர் உயரமுள்ள தண்ணீர்த் தம்பத்தைத் தாங்கும் என்று படித்திருக்கிறீர்கள். பெட்ரோலின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறத்தாழ முக்கால் பங்கு. எனவே அதே அழுத்தம் சுமார் 14 மீட்டர் பெட்ரோலைத் தாங்கும். காரின் நிரப்பு குழாயில் நிற்கும் பெட்ரோலின் உயரம் ஓரடி, அதாவது 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தடுத்து நிறுத்த, தொட்டிக்குள் அழுத்தம் ஐம்பதில் ஒரு பங்கு கூடினாலே போதும். பாயில் விதிப்படி, அழுத்தம் ஐம்பதில் ஒரு பங்கு கூட வேண்டுமானால், காற்றின் கனஅளவு ஏறக்குறைய அதே பங்கு குறைய வேண்டும். 35 லிட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு என்பது 0.7 லிட்டர்.

பங்கில் நிமிடத்துக்கு 36 லிட்டர் வீதம் பெட்ரோல் பாய்ந்தால், நொடிக்கு 0.6 லிட்டர். காற்றுப் போக வழியே இல்லையென்றால், ஒரு நொடி கழிந்து சிறிது நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும்! அதற்குமேல் ஊற்றுகிற பெட்ரோல் குழாயிலேயே தேங்கி, நுரைத்து, வாய்வரை ஏறி வரும்.

சரி, அதைப் பம்பு எப்படி அறிந்துகொள்கிறது? தொட்டி நிரம்பியதா இல்லையா என்று பம்புக்கு ஒன்றும் தெரியாது. அதன் நாசிலின் நுனிக்கருகே ஒரு சிறு துளை உண்டு. அதிலிருந்து ஒரு மெல்லிய குழல் கைப்பிடிக்குள் இருக்கும் சிறு அறைக்குப் போகிறது. நாசிலுக்குள் பெட்ரோல் ஓர் ஒடுங்கிய வழியே விரைந்து பாய்கிறது. திரவம் விரைந்து பாயும் ஒடுக்கத்தில் அழுத்தம் குறையும். 1797-ஆம் ஆண்டில் இதுபற்றிய ஆய்வை வெளியிட்ட இத்தாலிய விஞ்ஞானி வெஞ்சூரியின் பெயரால் இந்த விளைவு வழங்குகிறது. அழுத்தம் குறைந்த அந்த இடம் அறையிலுள்ள காற்றை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டிருக்கும். நுனித் துளை வழியாக வெளிக்காற்று புகுந்து அந்த இழப்பை ஈடுசெய்யும். பெட்ரோலோ நுரையோ துளையை மூடியதும் காற்று வரத்து நிற்கிறது. அறையில் அழுத்தம் சட்டென்று இறங்க, அங்குள்ள ரப்பர் சவ்வு இழுபடுகிறது, கொக்கி விடுபடுகிறது, வால்வு மூடிக்கொள்கிறது. அதுதான் 'டக்'. இதில் மின்சாரம் இல்லை, கணிப்பொறி இல்லை. பம்புக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: தன் மூக்கு நனைந்துவிட்டது!

ஆகவே, கேட்க வேண்டிய கேள்வி, "மூக்கை நனைத்தது எது?" என்பதே. தம்பி முதலில் வேறு பங்குக்குப் போய்ப் பார்த்தான். ஒரே ஒரு பங்கில் மட்டும் இப்படி நேர்ந்தால் குற்றம் அந்த நாசிலில்; எங்கு போனாலும் நேர்ந்தால் வண்டியில். எல்லாப் பங்கிலும் அதே கதைதான். அடுத்து, நாசிலைச் சற்று வெளியே இழுத்து, கொஞ்சம் திருப்பி வைத்துப் பார்த்தான். பெட்ரோல் குழாயின் சுவரில் மோதித் தெறித்து மூக்கை நனைத்தால் இதில் சரியாகிவிடும். ஆகவில்லை. மூன்றாவதாக, ஊழியரிடம் மிக மெதுவாகப் போடச் சொன்னான். அப்போது தடையில்லாமல் ஏறியது! எனக்கு இந்தச் சோதனைதான் மிகவும் பிடித்தது. காற்றுக்கு வழி இருக்கிறது, ஆனால் குறுகலாக இருக்கிறது என்பதை ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் இது சொல்லிவிட்டது.

பல கார்களில் பெட்ரோல் இறங்கும் பெரிய குழாயை ஒட்டியே, காற்று திரும்பி வருவதற்காக ஒரு மெல்லிய ரப்பர் குழாய் மேலேறி வரும். பட்டறையில் காரைத் தூக்கிப் பார்த்தபோது, முன்பு யாரோ தொட்டியைக் கழற்றி மாட்டிய அடையாளம் தெரிந்தது. மாற்றிய ரப்பர் குழாய் தேவைக்குமேல் நீளம். தோட்டக் குழாய் மடங்குவதுபோல் நடுவில் மடங்கிக் கிடந்தது. மெக்கானிக் அதை அளவாக வெட்டி மாட்டினார். பத்து நிமிட வேலை.

எல்லாக் கார்களிலும் காற்று இப்படி நேராக வாய்க்கு வருவதில்லை. வெளியேறும் ஆவி சூழலைக் கெடுக்கிறது என்பதால், அமெரிக்காவில் 1998 முதல் படிப்படியாக வேறோர் ஏற்பாடு கட்டாயமாயிற்று. அங்கே நிரப்பும்போது வெளியேறும் காற்று ஒரு கரிப் பெட்டி வழியாகப் போகிறது. கிளர்வூட்டப்பட்ட கரி ஒரு கிராமின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீட்டரைக்கூட எட்டும். அது ஏறக்குறையக் கால் ஏக்கர் நிலம்! பெட்ரோல் ஆவி அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ள, காற்று மட்டும் வெளியேறுகிறது. பிறகு இன்ஜின் ஓடும்போது அந்த ஆவியை இழுத்து எரித்துவிடுகிறது.

இந்தக் கரிப் பெட்டியின் காற்றுக் குழாய் அடைபட்டால் பெட்ரோல் ஏறாது என்பதோடு தொல்லை நிற்பதில்லை. இன்ஜின் ஆவியை இழுக்க இழுக்க, ஈடாக வெளிக்காற்று புக முடியாமல், தொட்டிக்குள் அழுத்தம் குறைந்துகொண்டே போகும். 2011-இல் வட அமெரிக்காவில் மஸ்டா நிறுவனம் சுமார் 65,000 கார்களைப் பழுதுபார்க்கத் திரும்ப அழைத்தது. காரணம், ஒரு வகை மஞ்சள் சிலந்தி! அது காற்றுக் குழாய்க்குள் புகுந்து வலை பின்னியிருந்தது. இதனால் தொட்டியில் வெடிப்பு விழுந்து பெட்ரோல் கசியலாம், தீப்பிடிக்கவும் கூடும் என்று அஞ்சினார்கள். 2014-இல் அதே சிலந்திக்காக மேலும் 42,000 கார்களை அழைக்க வேண்டியதாயிற்று.

நம் ஊர்ச் சாலைகளில் இதன் சிறிய வடிவத்தைக் காணலாம். பழைய மோட்டார் சைக்கிள் சில கிலோமீட்டர் நன்றாக ஓடிவிட்டு நின்றுபோகும். தொட்டி மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே பாயும். உதைத்தால் உடனே கிளம்பும். மூடியிலுள்ள காற்றுத் துளையில் அழுக்கு அடைத்திருப்பதுதான் காரணம்.

நம் நாட்டுக் கார்களிலும் இப்போது கரிப் பெட்டி உண்டு. தொட்டி நிற்கும்போது எழும் ஆவியை அது பிடித்துவைக்கிறது. 'டக்' என்ற பிறகும் "ரவுண்டாப் போடுங்க" என்று அழுத்தி அழுத்தி ஊற்றினால், ஆவி போகிற வழியில் பெட்ரோலே புகுந்து கரியை ஊறவைத்துவிடலாம். ஊறிய கரியால் பிறகு ஆவியைப் பிடிக்க முடியாது.

குழாயைச் சரிசெய்த அன்று மாலை தம்பி மீண்டும் பங்குக்குப் போனான். ஒரே மூச்சில் 33 லிட்டர் ஏறி 'டக்' என்றது. பில்லில் ரூபாயோடு 37 பைசாவும் இருந்தது. ஊழியர் கைப்பிடியை மறுபடி அழுத்தப் போனார். "போதும், சில்லறை இருக்கிறது" என்று தம்பி மூடியைத் திருகிவிட்டான்.